டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டருக்குக் கட்டுப்படியாகும் லென்ஸ்கள்: கேள்வி பதில்

லைக்கா எம் மவுண்ட் (லென்ஸ் பொருத்தும் வாய்) உள்ள டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவை, அதாவது வியூஃபைண்டரில் தெரியும் இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கி ஃபோகஸ் செய்யும் கேமராவை, வாங்கி முடித்தபின், லென்ஸுக்கு என்ன மிச்சம் இருக்கிறது என்று கணக்குப் பார்ப்பவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். 2004-இல் வந்த எப்சன் ஆர்-டி1 முதல் லைக்கா எம்11 வரை இவை எல்லாவற்றிலும் இருப்பது, 1954-இல் எம்3 கேமராவுடன் அறிமுகமான அதே மவுண்ட்தான். அத்தனை ஆண்டுகளாக அதற்கென்று செய்யப்பட்ட லென்ஸ்கள் பழைய பொருள் சந்தையில் சுற்றிக்கொண்டிருப்பது சிக்கனக்காரர்களுக்கு வாய்த்த வசதி.

கேள்வி: பழைய எம்9 பாடி ஒன்றை வாங்கிவிட்டேன். லைக்கா லென்ஸ் வாங்க வசதி இல்லை. ஒரே ஒரு லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் எதை வாங்குவது?

பதில்: 35 மி.மீ. லென்ஸ் ஒன்றை, எஃப் 2.5 அல்லது எஃப் 2.8 துளை அளவில் (எண் குறையக் குறையத் துளை பெரிது) வாங்குங்கள். வோய்க்லாண்டர் கலர் ஸ்கோபார் 35 எஃப் 2.5 பழையதாகக் கிடைத்தால் அதுவே போதும்; இன்னும் சற்றுச் செலவழிக்க முடியுமானால் ஜெய்ஸ் சி பயோகான் 35 எஃப் 2.8 வாங்கலாம். பெயர்கள் ஜெர்மானியப் பெயர்களாக இருந்தாலும் இரண்டையும் தயாரித்தது ஜப்பானின் கோசினா நிறுவனம்தான்.

35 மி.மீ. என்று நான் சொல்வதற்குக் காரணம் வியூஃபைண்டர். எம்9-இன் வியூஃபைண்டர் உருப்பெருக்கம் 0.68 மடங்கு. அதில் 35 மி.மீ. ஃபிரேம் கோடுகள் (படத்தில் விழும் எல்லையைக் காட்டுபவை) கண்ணுக்கு எளிதாகத் தெரியும், கோட்டுக்கு வெளியே நடப்பதையும் பார்க்க முடியும். 28 மி.மீ. கோடுகள் விளிம்பை ஒட்டி இருப்பதால், கண்ணாடி அணிபவர்கள் கண்ணை இங்கும் அங்கும் உருட்டித்தான் அவற்றைத் தேட வேண்டியிருக்கும். 50 மி.மீ. கோடுகள் தெளிவாகத் தெரிந்தாலும், ஒரே லென்ஸோடு வாழ்வதற்கு அந்தக் கோணம் பலருக்குக் குறுகலாகப் படும்.

எஃப் 1.4 வேண்டாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். எஃப் 1.4-க்கும் எஃப் 2.8-க்கும் உள்ள வித்தியாசம் இரண்டு ஸ்டாப்தான் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி இரு மடங்கு). ஐஎஸ்ஓ 400-இல் எடுக்கும் படத்தை 1600-இல் எடுத்தால் அது சரியாகிவிடும். பிரதிபலிக்கும் கண்ணாடி மேலெழும்பும் அதிர்வு இந்தக் கேமராக்களில் இல்லை என்பதால், கொஞ்சம் பழகியவர் 35 மி.மீ. லென்ஸைக் கையில் பிடித்தே 1/15 நொடியில் எடுத்துவிடுவார். இதைவிட முக்கியமான ஒன்று உண்டு. துளை பெரிதாகப் பெரிதாக, பாடியும் லென்ஸும் ஒன்றோடொன்று துல்லியமாகப் பொருந்தியிருக்க வேண்டிய கட்டாயமும் கூடுகிறது. 50 மி.மீ. லென்ஸில் எஃப் 1.4 வைத்து ஒரு மீட்டரில் எடுக்கும்போது கூர்மையாக விழும் ஆழம் மொத்தமே ஏறக்குறைய 3 செ.மீ.; கேமராவின் சீரமைப்பு இம்மி பிசகினாலும் கண்ணுக்குப் பதில் காது கூர்மையாக இருக்கும். சிறிய துளையுள்ள லென்ஸ் விலை குறைவு என்பதற்காக மட்டுமல்ல, தொல்லை குறைவு என்பதற்காகவும் அதைத்தான் முதலில் வாங்கச் சொல்வேன்.

கேள்வி: திருகு மவுண்ட் லென்ஸ்கள் மலிவாகக் கிடைக்கின்றன. அடாப்டர் போட்டால் ரேஞ்ச்ஃபைண்டர் வேலை செய்யுமா?

பதில்: முழுமையாக வேலை செய்யும். எம் மவுண்டுக்கு முன் லைக்கா பயன்படுத்திய 39 மி.மீ. திருகு மவுண்டில் லென்ஸ் அமரும் இடத்துக்கும் ஃபிலிமுக்கும் இடையே 28.8 மி.மீ.; எம் மவுண்டில் அது 27.8 மி.மீ. அந்த ஒரு மில்லிமீட்டர் வித்தியாசத்தில் அடாப்டர் வளையம் பாங்காக உட்கார்ந்துகொள்கிறது. புதிய மவுண்டை வடிவமைத்தவர்கள் பழைய லென்ஸ்காரர்களைக் கைவிடக் கூடாது என்று எண்ணிச் செய்த ஏற்பாடு இது.

வாங்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். அடாப்டர்கள் மூன்று வகையாக வருகின்றன: 50/75, 35/135, 28/90. உங்கள் லென்ஸின் குவியத் தூரத்துக்கு ஏற்றதை வாங்கினால்தான் சரியான ஃபிரேம் கோடுகள் எழும்பும். அடுத்தது தடிமன். மிக மலிவான வளையங்களில் தடிமன் கூடக்குறைய இருப்பதுண்டு. அது முடிவிலி ஃபோகஸைக் கெடுத்துவிடும். லென்ஸில் மிச்சம் பிடித்ததை அடாப்டரில் கோட்டைவிடக் கூடாது.

இந்த வகையில் என் முதல் பரிந்துரை கானன் 50 எஃப் 1.8. நன்றாகச் செய்யப்பட்ட லென்ஸ், ஆனால் துளைத் தகடுகளுக்கு அருகிலுள்ள கண்ணாடியில் வெண்மூட்டம் படியும் வழக்கமுடையது. அதைத் துடைக்காமல் ஆண்டுக்கணக்கில் விட்டால் கண்ணாடியே அரித்துப்போகும், பிறகு எந்தப் பழுதுபார்ப்பவராலும் சரிசெய்ய முடியாது. திருகு மவுண்ட் லென்ஸ்கள் பெரும்பாலும் ஒரு மீட்டருக்கு மேல் நெருங்காது என்பதையும் நினைவில் வையுங்கள். எம் லென்ஸ்கள் பல 0.7 மீட்டர் வரை வரும்.

கேள்வி: சோவியத் லென்ஸ்களைப் பற்றி இருவிதமாகச் சொல்கிறார்கள். ஜூபிட்டர்-8 வாங்கலாமா, கூடாதா?

பதில்: இருவிதமாகச் சொல்பவர்கள் இருவருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள், ஏனென்றால் அவர்கள் கையில் இருப்பவை ஒன்றுபோல் இல்லாத இரண்டு லென்ஸ்கள்.

ஜூபிட்டர்-8 என்பது போருக்கு முந்திய ஜெய்ஸ் சொன்னார் 50 எஃப் 2 வடிவமைப்பின் வழிவந்தது. அதன் நிறமும் மென்மையான பின்னணியும் இன்றும் விரும்பத்தக்கவை. சிக்கல் அளவீட்டில் இருக்கிறது. லைக்காவின் ரேஞ்ச்ஃபைண்டர் 51.6 மி.மீ. குவியத் தூரத்தை அடிப்படையாகக் கொண்டது. இந்த லென்ஸ்கள் பின்பற்றும் ஜெய்ஸின் கான்டாக்ஸ் கேமரா மரபின் அடிப்படை 52.4 மி.மீ. முடிவிலியில் இரண்டும் ஒத்துப்போகும். கிட்டத்தில் வர வர, நீளமான லென்ஸ் இன்னும் சற்று முன்னே நகர வேண்டியிருக்க, ரேஞ்ச்ஃபைண்டரோ "போதும்" என்று சொல்லிவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு மீட்டர் தொலைவில் ஃபோகஸ் ஏறக்குறைய 3 செ.மீ. பின்னால் விழும். ஃபிலிமில் சிறிய பிரதி போட்டுப் பார்த்தவர்கள் இதைக் கவனிக்காமலே இருந்திருக்கலாம். கணினித் திரையில் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கும் நமக்கு அது மறையாது.

எஃப் 5.6 வைத்து இரண்டு மூன்று மீட்டரில் எடுப்பவருக்கு இது பிரச்சினையே இல்லை. முழுத் துளையில் முகங்களை எடுக்க விரும்பினால், லென்ஸின் உட்பகுதிக்கு அடியிலுள்ள மெல்லிய வளையத்தின் தடிமனை மாற்றி, அருகாமைத் தூரத்துக்குச் சரிசெய்துகொள்ளலாம். அப்போது முடிவிலியைத் துளையைச் சுருக்கித்தான் சமாளிக்க வேண்டும். இந்த வேலைக்குக் கொடுக்கும் கூலி சில வேளை லென்ஸின் விலையைத் தாண்டிவிடும் என்பதால், ஏற்கெனவே சீரமைத்ததாக விற்பவரிடம் சோதனைப் படம் கேட்டு வாங்குவது மேல்.

துளை சிறியது என்பதால் இண்டஸ்டார்-61 எஃப் 2.8 இவ்வளவு தொல்லை தராது. ஜூபிட்டர்-12 என்னும் 35 மி.மீ. லென்ஸை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அதன் பின்கண்ணாடி கேமராவுக்குள் மிக ஆழமாக நீண்டிருக்கும், சில டிஜிட்டல் பாடிகளின் உட்புறத்தில் இடிக்கும் அபாயம் உண்டு.

கேள்வி: எடுக்கும் படங்களில் ஃபோகஸ் தவறி விழுகிறது. குறை லென்ஸிலா பாடியிலா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

பதில்: முடியும். முதலில் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள கோபுரத்தையோ கம்பத்தையோ பாருங்கள். லென்ஸை முடிவிலியில் முட்டும்வரை திருப்பினால், வியூஃபைண்டரின் நடுக்கட்டத்தில் தெரியும் இரண்டு பிம்பங்களும் விளிம்பு மீறாமல் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். பிறகு கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஒரு மீட்டர் தொலைவில் அளவுகோல் ஒன்றை 45 பாகை சாய்வாக வைத்து, அதில் ஒரு கோட்டை மட்டும் குறிவைத்து முழுத் துளையில் படமெடுங்கள். ஒவ்வொரு முறையும் லென்ஸை முடிவிலிக்குக் கொண்டுபோய்விட்டுப் புதிதாக ஃபோகஸ் செய்ய வேண்டும். இல்லையென்றால் முதல் முறை செய்த பிழையே எல்லாப் படங்களிலும் திரும்ப வரும்.

இதே சோதனையை இன்னொரு லென்ஸ் இரவல் வாங்கியும் செய்யுங்கள். இரண்டும் ஒரே பக்கம் தவறினால் பாடியைச் சீரமைக்க வேண்டும். ஒன்று மட்டும் தவறினால் குறை அந்த லென்ஸில் இருக்கிறது. துளையைச் சுருக்கும்போது ஃபோகஸ் பின்னோக்கி நகர்வது வேறு கதை: வோய்க்லாண்டர் நோக்டன் கிளாசிக் 35 எஃப் 1.4, ஜெய்ஸ் சி சொன்னார் 50 எஃப் 1.5 ஆகியவற்றின் வடிவமைப்பிலேயே அது உண்டு, பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோய்ப் பயனில்லை.

கேள்வி: செவன்ஆர்ட்டிசன்ஸ், டிடிஆர்ட்டிசன் போன்ற சீன லென்ஸ்களை நம்பலாமா?

பதில்: விலைக்கு மேல் தருகின்றன. உலோக உடல், ரேஞ்ச்ஃபைண்டர் இணைப்பு எல்லாம் உண்டு. ஒரு லென்ஸுக்கும் அதே வகையின் அடுத்த லென்ஸுக்கும் ஃபோகஸ் சீரமைப்பு மாறுபடலாம் என்பதை அவர்களே அறிந்து, சிலவற்றோடு சிறிய திருப்புளியும் சோதனை அட்டையும் கொடுத்து, நாமே சரிசெய்துகொள்ள வழி வைத்திருக்கிறார்கள். ஒரு மாலைப்பொழுதை அதில் செலவழிக்கப் பொறுமை உள்ளவருக்கு ஏற்றவை. ஆனால் முந்தைய பதிலில் சொன்னபடி முதலில் பாடி சரியாக இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளாமல் திருப்புளியைத் தொடாதீர்கள். செவன்ஆர்ட்டிசன்ஸ் 50 எஃப் 1.1 போன்ற பெருந்துளை லென்ஸ்களைவிட அவர்களுடைய எஃப் 2 லென்ஸ்களே அன்றாட வேலைக்கு உதவும் என்பது என் எண்ணம்.

கேள்வி: மினோல்டா எம்-ரோக்கர் 40 எஃப் 2 நல்ல விலைக்கு வருகிறது. என் எம்9-இல் 40-க்குக் கோடுகளே இல்லையே?

பதில்: தயங்காமல் வாங்குங்கள். 1973-இல் வந்த லைக்கா சிஎல் கேமராவை ஒட்டிப் பிறந்த லென்ஸ் அது, 40 மி.மீ. கோடு லைக்கா எம் பாடிகளில் இல்லை என்பதாலேயே விலை தாழ்ந்து நிற்கிறது. பொருத்தினால் 50 மி.மீ. கோடுகள் வரும். கேமராவின் முன்பக்கமுள்ள ஃபிரேம் நெம்புகோலை விரலால் தள்ளி 35 மி.மீ. கோடுகளை வரவழைத்து, அவற்றின் உள்விளிம்புக்குள் படத்தை அமைத்தால் பெரும்பாலும் சரியாக வரும். மவுண்டின் நாக்கை அரத்தால் தேய்த்து நிரந்தரமாக 35 கோடுகள் வரும்படி செய்பவர்களும் உண்டு. விற்கும்போது விலை குறையும், அவ்வளவுதான்.

கேள்வி: எம்8-க்கு லென்ஸ் தேர்ந்தெடுக்கும்போது தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: அதன் சென்சார் சிறியது, 1.33 மடங்குக் கணக்கில் 28 மி.மீ. லென்ஸ் 37 மி.மீ. போல நடந்துகொள்ளும். ஆகவே எம்8-க்கு ஒற்றை லென்ஸ் என்றால் 28 வாங்குங்கள். அகச்சிவப்பு ஒளியை அந்தச் சென்சார் அதிகம் உள்வாங்குவதால் கறுப்புச் செயற்கைத் துணிகள் கத்தரிப்பூ நிறத்தில் விழும். வண்ணப் படத்துக்கு யுவி-ஐஆர் (புற ஊதா, அகச்சிவப்பு ஒளியைத் தடுக்கும்) ஃபில்டர் கட்டாயம். அதன் விலையையும் லென்ஸ் விலையோடு சேர்த்துப் பாருங்கள். 39 மி.மீ. ஃபில்டர் அளவுள்ள லென்ஸ்களாகவே பார்த்து வாங்கினால் ஒரே ஃபில்டர் எல்லாவற்றுக்கும் உதவும்.

கேள்வி: பழைய வோய்க்லாண்டர் 15 மி.மீ. ஹீலியாரில் படத்தின் ஓரங்கள் ஊதாவாகத் தெரிகின்றன. லென்ஸ் கெட்டுவிட்டதா?

பதில்: கெடவில்லை. அந்த லென்ஸின் பின்கண்ணாடி ஃபிலிமுக்கு மிக அருகில் நிற்கும்படி அமைந்தது. ஓரத்துக்கு வரும் ஒளி மிகச் சாய்வாக விழுகிறது. ஃபிலிம் அதைப் பொருட்படுத்தாது, சென்சார் பொருட்படுத்தும். 2015-இல் வந்த மூன்றாம் பதிப்பு ஹீலியார் இதற்காகவே மறுவடிவமைக்கப்பட்டது, அளவிலும் பெரிதாகிவிட்டது. பழையதை வைத்துக்கொண்டு கறுப்பு வெள்ளையில் எடுப்பதுதான் செலவில்லாத தீர்வு.

கேள்வி: பழைய லென்ஸை வாங்குமுன் எப்படிச் சோதிப்பது?

பதில்: துளையை முழுவதும் திறந்து, சிறிய டார்ச் விளக்கைப் பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். நேராகப் பார்த்தால் பளிங்குபோலத் தெரியும் லென்ஸ்கூடச் சாய்ந்த ஒளியில் தன் சரித்திரத்தைச் சொல்லிவிடும். சிலந்தி நூல்போலக் கிளைவிடுவது பூஞ்சை. முழுவதும் பரவிய பால் நிறம் வெண்மூட்டம். விளிம்பில் வானவில் நிறத்தில் வளைவாகத் தெரிவது ஒட்டிய கண்ணாடிகள் பிரிவதன் அடையாளம். அதை வாங்கவே வேண்டாம். ஒன்றிரண்டு தூசிகளையும் முன்கண்ணாடியின் மெல்லிய கீறலையும் காட்டி விலையைக் குறைத்துப் பேசுங்கள், படத்தில் அவை தெரியாது. பின்கண்ணாடியின் கீறலை அப்படி விட்டுவிட முடியாது. கடைசியாக, ஃபோகஸ் வளையத்தைக் கடைக்கோடிவரை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். நடுவில் எங்காவது இறுகினாலோ ஆடினாலோ உள்ளே யாரோ கைவைத்திருக்கிறார்கள்.

கேள்வி: மடக்கு லென்ஸ்களை டிஜிட்டல் பாடியில் உள்ளே தள்ளி மடக்கலாமா?

பதில்: வேண்டாம். நீட்டிய நிலையிலேயே பயன்படுத்துங்கள்.

கேள்வி: உருவப்படத்துக்கு 90 மி.மீ. வேண்டும். மலிவாக ஏதேனும் உண்டா?

பதில்: ரேஞ்ச்ஃபைண்டரில் 90 மி.மீ. கோடு சிறிய பெட்டியாகத் தெரிவதால் விரும்புபவர்கள் குறைவு, விலையும் குறைவு. லைக்கா எல்மார்-சி 90 எஃப் 4, அதன் உடன்பிறப்பான மினோல்டா ரோக்கர் 90 எஃப் 4 இரண்டும் பையில் இருப்பதே தெரியாத அளவுக்குச் சிறியவை. 135 மி.மீ. லென்ஸ்கள் இன்னும் மலிவு, ஆனால் அந்தக் கோட்டுக்குள் முகத்தைத் தேடிப் பிடித்து ஃபோகஸும் செய்வதற்குள் எதிரே இருப்பவர் அலுத்துவிடுவார்.

கேள்வி: பிற நிறுவன லென்ஸில், எந்த லென்ஸ் என்று கேமராவுக்குச் சொல்லும் ஆறு புள்ளிக் குறியீடு இல்லை. போட்டுக்கொள்வது அவசியமா?

பதில்: எம்9-லும் அதற்குப் பிந்தைய பாடிகளிலும் அவசியமில்லை. மெனுவில் அதே கோணமுள்ள லைக்கா லென்ஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஓரங்களின் நிறம் சரியாக வருகிறதா என்று வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பாருங்கள். வராவிட்டால் அடுத்ததைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். எம்8-இல் அந்த மெனு வசதி இல்லை, ஆகவே அகலக்கோண லென்ஸில் ஃபில்டரால் வரும் ஓர நிறமாற்றத்தைக் கேமராவே சரிசெய்ய வேண்டுமானால் குறியீடு போட்டுத்தான் ஆக வேண்டும்.