கணினி கேள்வி–பதில்: ஓரத்தில் என்ன, எவ்வளவு?

நிரல் எழுதப் பயன்படுத்தும் விம் எடிட்டரில் பிழைக் குறி தோன்றும்போதெல்லாம் மொத்த நிரலும் வலப்பக்கம் தாவுகிறது. திருத்தியதும் திரும்பி வருகிறது. இதை நிறுத்த முடியுமா?

முடியும். வரி எண்ணுக்கு இடப்புறம், குறிகளுக்கென்றே இரண்டு எழுத்து அகலத்தில் ஒரு பத்தி உண்டு. அமைப்புகளில் அதன் பெயர் ‘சைன்காலம்’. நாம் எதுவும் மாற்றாதவரை அது ‘ஆட்டோ’வில் இருக்கும்: குறி வந்தால் திறக்கும், போனால் மூடும். தாவல் அதனால்தான். விம்மின் அமைப்புகளை எழுதிவைக்கும் விம்ஆர்சி கோப்பில் அதை ‘யெஸ்’ என்று மாற்றிவிடுங்கள். குறி இல்லாதபோதும் இடம் அப்படியே நிற்கும். ஓரத்தில் எதைக் காட்டினாலும் சரி, எழுதிக்கொண்டிருக்கும் வரி அசையக் கூடாது.

இரண்டு எழுத்து இடம்கூட வீண் என்று நினைப்பவர்கள் சைன்காலத்தை ‘நம்பர்’ என்று வைக்கிறார்கள். குறி அப்போது வரி எண்ணின் இடத்திலேயே வந்து உட்காரும். எனக்கு அது பிடிப்பதில்லை. 240ஆம் வரியில் பிழை என்று கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் மென்பொருள்) சொல்லும். போய்ப் பார்த்தால் 240 என்ற எண்தான் மறைந்திருக்கும்!

சின்னத் தாவல் இன்னொன்றும் இருக்கிறது. வரி எண் பத்தியின் குறைந்தபட்ச அகலத்தைச் சொல்லும் ‘நம்பர்வித்’ இயல்பாக 4. அதில் ஓர் இடம் இடைவெளிக்குப் போய்விடுவதால் 999 வரிதான் தாங்கும். ஆயிரமாவது வரி சேர்ந்ததும் எல்லாம் ஓர் எழுத்து நகரும். 6 என்று வைத்தால் 99,999 வரி வரை பேச்சே இல்லை.

அதே விம்மில் மவுஸால் இழுத்து நகலெடுத்தால் வரி எண்களும் சேர்ந்து ஒட்டிக்கொள்கின்றனவே?

தேர்வு செய்வது விம் அல்ல, அது ஓடும் கட்டளைச் சாளரமான டெர்மினல். அதற்கு எண்ணும் எழுத்தும் ஒன்றுதான். ‘மவுஸ்’ அமைப்பை ‘ஏ’ என்று வையுங்கள். தேர்வை விம்மே ஏற்றுக்கொள்ளும், எண்கள் வராது. பிறகு கூட்டல் குறி ரெஜிஸ்டருக்கு, அதாவது கணினியின் கிளிப்போர்டுக்கு, நகலெடுங்கள். உங்கள் விம் கிளிப்போர்டு வசதி இல்லாமல் தொகுக்கப்பட்டிருந்தால் இது நடக்காது. அப்போது எண்களைத் தற்காலிகமாக அணைத்துவிட்டு இழுப்பதே சுலபம்.

ஆவணம் எழுதும் லிப்ரெஆபிஸ் ரைட்டரில் ஓரக் கருத்துகளோடு அச்செடுத்தால் எழுத்தெல்லாம் பொடியாகிவிடுகிறது. ஏன்?

பிரிண்ட் பெட்டியில் கருத்துகளை ‘பிளேஸ் இன் மார்ஜின்ஸ்’ என்று கொடுத்திருப்பீர்கள். தாளின் அகலம் கூடாதல்லவா? கருத்துக்கு இடம் விட ரைட்டர் பக்கம் முழுவதையும் சுருக்குகிறது. எழுத்தின் அளவைக் கூட்டிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், பக்கப் பிரிப்பு குலைந்துவிடும். அதே பட்டியலில் பக்க முடிவில் அல்லது ஆவண முடிவில் என்பதைத் தேர்ந்தால் மூலப் பக்கம் தன் அளவிலேயே வரும்.

கையால் திருத்துபவருக்கு மட்டும் ஓரம்தான் வசதி, கருத்து எந்த வரிக்கு என்று கோடு காட்டும். திரையில் படிப்பவருக்கென்றால் பிடிஎஃப் ஏற்றுமதியில் ‘கமென்ட்ஸ் ஆஸ் பிடிஎஃப் அனொட்டேஷன்ஸ்’ என்பதை டிக் செய்யுங்கள். எழுத்து சுருங்காது, குறிப்பைத் தொட்டால் கருத்து விரியும்.