ஹைசேர் வாங்கும்போது குழந்தையின் பாதங்களைப் பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு ஐந்தரை மாதம் ஆகிறது. ஆறு மாதம் முடிந்ததும் திட உணவு தொடங்கலாம் என்றிருக்கிறோம். அதற்கு ஹைசேர், அதாவது குழந்தை உட்கார்ந்து சாப்பிடும் உயரமான நாற்காலி, ஒன்று வாங்க வேண்டும். பார்த்தவற்றில் ஒன்று மெத்தை வைத்தது, பின்னால் சாய்த்துக்கொள்ளலாம், சக்கரமும் உண்டு. இன்னொன்று மர நாற்காலி, கால் வைக்கப் பலகை இருக்கிறது, மெத்தை இல்லை. மூன்றாவது, சாப்பாட்டு மேசையின் விளிம்பில் மாட்டிக்கொள்வது. அக்கா வீட்டு ஹைசேரில் ஒருநாள் உட்காரவைத்துப் பார்த்தோம், ஒரு பக்கமாகச் சரிந்துவிட்டாள். அதனால் சாய்வு வசதி உள்ளதை வாங்கி இப்போதே பழக்கலாமா டாக்டர்? மூன்றில் எது நல்லது?

பதில்: மகள் சரிந்ததைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. உலக சுகாதார நிறுவனம் பல நாட்டுக் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துச் செய்த ஆய்வில், பிடிமானம் இல்லாமல் உட்காரும் திறன் சிலருக்கு 3.8 மாதத்திலேயே வந்தது, சிலருக்கு 9.2 மாதம் வரை ஆனது. சராசரி 6 மாதம். உங்கள் மகளின் முதுகுத் தசைகளுக்கு இன்னும் கொஞ்ச நாள் வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் அந்தச் சரிவுக்குச் சாய்வு நாற்காலி தீர்வு அல்ல. இதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். படுத்த வாக்கில் இருக்கும் குழந்தையின் வாயில் மசித்த உணவை வைத்தால், நாக்கு அதை உருட்டிப் பழகும் முன்பே அது தொண்டைக்கு வழுக்கிப் போய்விடும். நிமிர்ந்து, லேசாக முன்னோக்கி உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கு, வேண்டாததை வெளியே துப்பிவிடும் வாய்ப்பாவது இருக்கிறது. சாய்ந்திருப்பவளுக்கு அதுவும் இல்லை. கார் இருக்கையிலோ ஊஞ்சலிலோ வைத்து ஊட்டக் கூடாது என்று சொல்வதும் இதனால்தான்.

மகள் திட உணவுக்குத் தயாரா என்று அறிய, தலை ஆடாமல் நிற்கிறதா, இடுப்பில் லேசாகக் கை கொடுத்தால் நிமிர்ந்து உட்காருகிறாளா, நீங்கள் சாப்பிடுவதைப் பார்த்துக் கை நீட்டுகிறாளா, வாயில் வைத்ததை நாக்கால் வெளியே தள்ளும் பழக்கம் குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். ஆறு மாதம் நிறையும்போது இவை பெரும்பாலும் சேர்ந்தே வந்துவிடும். உட்காருவதில் கொஞ்சம்தான் குறை என்றால், முதல் சில வாரங்கள் இடுப்பின் இரு பக்கமும் சிறு துண்டுகளைச் சுருட்டி வைக்கலாம். நாலாபுறமும் முட்டுக் கொடுத்தால்தான் நிற்கிறாள் என்றால் அவளை உங்கள் மடியில் நிமிர்த்தி வைத்தே தொடங்குங்கள். தாயின் மடியைவிட நல்ல முதல் இருக்கை எந்தக் கடையிலும் இல்லை. ஹைசேர் பிறகு வரட்டும்.

இனி நாற்காலி. பெற்றோர் பெரும்பாலும் மெத்தையைத் தொட்டுப் பார்க்கிறார்கள், நிறத்தைப் பார்க்கிறார்கள், மடக்க முடியுமா என்று கேட்கிறார்கள். நான் பார்ப்பது குழந்தையின் பாதங்கள் எங்கே இருக்கின்றன என்பதை. ஒரு சோதனை செய்து பாருங்கள். கால் தரையில் படாத உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, முதுகு சாயாமல் ஒரு வேளை சாப்பிடுங்கள். பத்து நிமிடத்தில் தொடை மரத்துப்போகும், உடம்பு நெளியும், காலை எங்கேயாவது ஊன்றத் தேடுவீர்கள். நமக்கே இப்படி என்றால், உட்காரவே இப்போதுதான் கற்றுக்கொள்ளும் குழந்தைக்கு எப்படி இருக்கும்? கால் அந்தரத்தில் தொங்கினால், விழாமல் இருப்பதற்கே அவள் கவனமெல்லாம் போய்விடும். தாடையும் நாக்கும் விரல்களும் நுணுக்கமாக வேலை செய்ய உடம்பு அசையாமல் நிற்க வேண்டும். அதற்கு அடித்தளம் இடுப்பும் பாதமும்தான். சாப்பாட்டின் நடுவே நெளிந்து அழும் குழந்தையைப் பசியில்லாதவள் என்று நினைத்துவிடுகிறோம். அவளுக்குக் கால் ஊன்ற இடமில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

இடுப்பு, முழங்கால், கணுக்கால் மூன்றும் ஏறக்குறைய 90 பாகையில் மடங்கியிருக்க வேண்டும். பாதம் முழுவதும் பலகையில் பதிய வேண்டும். பலகை இருந்தால் மட்டும் போதாது, அதை மேலும் கீழும் நகர்த்த முடிய வேண்டும். பல நாற்காலிகளில் இரண்டு வயதுக் குழந்தைக்குத்தான் எட்டும் உயரத்தில் பலகையை நிரந்தரமாக அடித்து வைத்திருக்கிறார்கள். ஆறு மாதக் குழந்தைக்கு அது இருந்தும் பயனில்லை. நார்வே வடிவமைப்பாளர் பீட்டர் ஒப்ஸ்விக், சின்ன நாற்காலிக்கு வளர்ந்துவிட்ட தன் மகன் பெரியவர்களின் மேசையில் கால் தொங்க உட்கார்ந்திருப்பதைப் பார்த்துதான், இருக்கையையும் கால் பலகையையும் தனித்தனியே நகர்த்தக்கூடிய நாற்காலியை 1972-இல் வடிவமைத்தார். இன்று பல நிறுவனங்கள் அதே முறையில் செய்கின்றன. எந்த நிறுவனமாக இருந்தாலும் சரி, அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள்.

இருக்கையின் ஆழமும் முக்கியம். முதுகு பின்னால் ஒட்டியிருக்கும்போது முழங்கால் இருக்கையின் விளிம்பைத் தாண்டி மடங்க வேண்டும். மெத்து மெத்தென்ற ஆழமான இருக்கையில் குழந்தை முன்னால் வழுக்கி, முதுகு வளைந்து, தாடை மார்பில் இடிக்க உட்காருவாள். கெட்டியான, தட்டையான இருக்கை பார்க்க வசதியாகத் தெரியாது. ஆனால் சாப்பிட அதுவே ஏற்றது. ட்ரே அவளுடைய தொப்புளுக்கும் மார்புக்கும் இடையே இருக்கட்டும். தோள் தூக்காமல் முழங்கையை அதன் மேல் வைக்க முடிய வேண்டும். ட்ரே கழுத்துவரை ஏறி நின்றால் தட்டில் என்ன இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது.

அடுத்தது பெல்ட். ஹைசேரால் வரும் காயங்களில் பெரும்பகுதி விழுவதால் வருபவை, அடிபடுவதும் பெரும்பாலும் தலையில்தான். குழந்தை எழுந்து நிற்கிறது, ஏற முயல்கிறது, அல்லது ட்ரேக்கு அடியில் வழுக்குகிறது. மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் பெற்றோர் கண்ணீரோடு சொல்வது ஒரே வாக்கியம்: "ட்ரே போட்டுத்தானே இருந்தது டாக்டர்." ட்ரே சாப்பாடு வைப்பதற்கு மட்டும்தான், அது குழந்தையைப் பிடித்து நிறுத்தாது. இரு தோள், இரு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து இடத்தில் பிடிக்கும் பெல்ட் இருப்பதையே வாங்குங்கள். கால்களுக்கு நடுவே போகும் பட்டை இல்லாத நாற்காலி வேண்டவே வேண்டாம். நான் இவ்வளவு வலியுறுத்திய கால் பலகையிலும் ஓர் ஆபத்து உண்டு என்பதை மறைக்க மாட்டேன். பத்து மாதத்தில் அதே பலகையை மிதித்து எழுந்து நிற்கப் பார்ப்பாள். ஆகவே முதல் நாளிலிருந்தே, ஒரு வாய் ஊட்டுவதற்கானாலும், பெல்ட் போடாமல் உட்காரவைக்காதீர்கள். கடையிலேயே அதை நாலைந்து முறை மாட்டிக் கழற்றிப் பாருங்கள். உணவு தொண்டையில் சிக்கினால் சில நொடிகளில் அவளை வெளியே எடுக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் நாற்காலியை மேசை, சுவர், சமையல் திண்டு எதிலும் அவள் கால் எட்டி உதைக்க முடியாத தூரத்தில் வையுங்கள். காலால் ஓர் உந்து உந்தினால் நாற்காலியே பின்னால் சாய்ந்துவிடும். அடிப்பாகம் அகன்று, அசைத்துப் பார்த்தால் ஆடாமல் நிற்க வேண்டும். சக்கரம் இருந்தால் பூட்டும் வசதி கட்டாயம். லேபிளில் ஐரோப்பியத் தரமான ஈஎன் 14988 அல்லது அமெரிக்கத் தரமான ஏஎஸ்டிஎம் எஃப்404 குறிப்பிடப்பட்டிருந்தால் நல்லது. அமெரிக்காவில் 2019 ஜூன் முதல் தயாராகும் ஹைசேர்களுக்குத் தரக் கட்டுப்பாடு சட்டப்படியே கட்டாயம். அக்கா வீட்டு நாற்காலியையே வாங்கிக்கொள்வதிலும் தவறில்லை. விரிசலோ தளர்ந்த திருகோ இல்லாமல், பெல்ட் முழுதாக இருந்தால் போதும். மடக்கும் நாற்காலி என்றால் விரித்த பிறகு பூட்டு விழுகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். உணவு ஒட்டிக்கொள்ளும் தையல்களும் இடுக்குகளும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது, தினமும் கழுவப்போவது நீங்கள்தான்.

மேசையில் மாட்டும் வகையை முதல் நாற்காலியாக நான் சொல்ல மாட்டேன். பெரும்பாலானவற்றில் கால் ஊன்ற வழியில்லை. கண்ணாடி மேசை, ஒற்றைக்கால் மேசை, விரிப்பு போட்ட மேசை எதிலும் அதை மாட்டக் கூடாது.

எவ்வளவு நல்ல நாற்காலியானாலும் சாப்பிடும்போது நீங்கள் கை எட்டும் தூரத்தில், அவள் முகத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும். தொடக்கத்தில் அடிக்கடி ஓங்கரிப்பாள், இருமுவாள், முகம் சிவக்கும். சத்தம் வந்துகொண்டிருந்தால் பயப்படாதீர்கள், அவளே சரிசெய்துகொள்வாள். சத்தமே வராமல், இரும முடியாமல் திணறினால் அதுதான் ஆபத்து. உடனே பெல்ட்டைக் கழற்றி, தலை தாழ்ந்திருக்கும்படி முன்கையில் குப்புறக் கிடத்தி, தோள்பட்டைகளுக்கு நடுவே 5 முறை தட்டுங்கள். பிறகு மல்லாத்தித் திருப்பி மார்பின் நடுவே 5 முறை அழுத்துங்கள். அடைப்பு வெளியே வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாததை விரல் விட்டுத் தோண்டக் கூடாது. அருகில் இருப்பவரை அவசர உதவிக்கு அழைக்கச் சொல்லுங்கள். இதைப் படித்துத் தெரிந்துகொண்டால் போதாது. திட உணவு தொடங்கும் முன் நீங்களும் கணவரும் ஒரு முதலுதவி வகுப்பில் பொம்மையை வைத்துச் செய்து பழகிவிடுங்கள்.

குறைமாதத்தில் பிறந்தவள் என்றாலோ, இன்னும் தலை நிற்கவில்லை, உடம்பு துவண்டோ விறைத்தோ இருக்கிறது, எப்போதும் ஒரே பக்கம் சரிகிறாள் என்றாலோ, நாற்காலியை விட்டுவிட்டு உங்கள் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி, நீங்கள் சொன்ன மூன்றில் என் தேர்வு மர நாற்காலி. பலகை நகர வேண்டும், ஐந்து பிடி பெல்ட் இருக்க வேண்டும், இந்த இரண்டுதான் நிபந்தனை. மெத்தை இல்லையே என்று தயங்க வேண்டாம். இன்னும் இரண்டு மூன்று வாரம் கழித்து, மகளையும் கடைக்கு அழைத்துப்போங்கள். பெல்ட் போட்டு, பலகையைப் பாதத்துக்கு ஏற்றி, கையில் ஒரு கரண்டியைக் கொடுத்துப் பத்து நிமிடம் உட்காரவைத்துப் பார்த்த பிறகு பணம் கட்டுங்கள்.