யாருக்குச் சொல்வது, எப்படிச் சொல்வது? வேலூர் வட்டார வாசகர் கேள்விகள்

கேள்வி: தென்னை ஓலைக்கு அடியில் சுருள் சுருளாக வெள்ளை படிந்திருக்கிறது. கீழ் ஓலையெல்லாம் கரி பிடித்த மாதிரி. வாட்ஸ்அப்பில் வந்த மருந்தை அடிக்கலாமா? (குடியாத்தம்)

பதில்: வேண்டாம். இது ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ மாதிரிதான் தெரிகிறது. 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம் முதலில் தென்பட்ட அயல்பூச்சி. ஈ கழிக்கும் இனிப்புத் திரவத்தில் பூஞ்சை வளர்வதால்தான் அந்தக் கறுப்பு. கடும் மருந்து அடித்தால் ஈயை அடக்கும் என்கார்சியா குளவியும் சேர்ந்து சாகும். ஓலையைத் திருப்பிப் பாருங்கள். ஈயின் கூட்டுப்புழுக்கள் கறுத்துப்போயிருந்தால், அவற்றுக்குள் குளவி முட்டை வைத்து வளர்கிறது என்று அர்த்தம். அந்த ஓலைத் துண்டுகளைக் குளவி வராத பக்கத்துத் தோப்புக்காரருக்குக் கொடுங்கள். வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டிய சேதியே இதுதான். அப்புறம், விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் ஒட்டுப்பொறி ஏக்கருக்கு எட்டு, ஆறடி உயரத்தில் கட்டுங்கள். கரி உதிர, லிட்டருக்கு 25 கிராம் மைதா சேர்த்த பசைக்கரைசலைத் தெளிக்கலாம். இன்னும் சந்தேகமா? விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் ஓலையைக் காட்டுங்கள்.

கேள்வி: புதுப் பூச்சி என்று படம் அனுப்பினால் யாரும் கண்டுகொள்வதில்லையே? (பள்ளிகொண்டா)

பதில்: ஊர், பயிர், தேதி மூன்றும் இல்லாத படத்தை வைத்து எந்த அதிகாரியும் ஒன்றும் செய்ய முடியாது. பல கை மாறி வந்த படமென்றால் அது கேரளமா காட்பாடியா என்றே தெரியாது. நீங்களே எடுத்ததை அனுப்புங்கள். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு நாணயம் வையுங்கள். பெயர் தெரியாவிட்டால் பெயர் போடவே வேண்டாம். தப்பான பெயர் ஊர் சுற்றக் கிளம்பிவிட்டால் பிடிக்க முடியாது, அதற்குள் மருந்துக் கடையில் கூட்டம் சேர்ந்துவிடும். விவசாயிகள் அழைப்பு மையம் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: ஏரியில் ஆகாயத்தாமரையை வருஷா வருஷம் அள்ளுகிறோம், திரும்பத் திரும்ப வருகிறது. (ஆற்காடு)

பதில்: மேல் ஏரிக்காரர்களிடம் பேசினீர்களா? அங்கே ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும்போது நாலு செடி மிதந்து வந்தாலே போதும். விதையும் சேற்றில் பல வருஷம் உயிரோடு கிடக்கும். ஆயக்கட்டு, அதாவது ஏரி பாயும் நிலம், 100 ஏக்கருக்கு மேல் என்றால் ஏரிக்குப் பொறுப்பு பொதுவாக நீர்வளத்துறை, குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். இரண்டு ஊரும் சேர்ந்து ஒரே மனுவாகக் கொடுங்கள். அள்ளியதைக் கரையிலேயே குவிக்காதீர்கள்.

கேள்வி: குட்டையில் விட ஆப்பிரிக்கத் தேளிக் குஞ்சு மலிவாகத் தருகிறார்கள். வாங்கலாமா? (அணைக்கட்டு)

பதில்: கூடாது. 2000-லேயே தடை செய்த மீன். மழையில் குட்டை உடைந்து ஏரிக்குப் போனால் நாட்டு மீன்களை விட்டுவைக்காது. யார், எந்த ஊரில் விற்கிறார் என்று மீன்வளத்துறை அலுவலகத்தில் இன்றைக்கே சொல்லிவிடுங்கள்.