மே மாத வெயிலில் நாலு வயதுப் பிள்ளையோடு, அதிகச் செலவில்லாமல் காரில் ஊர் சுற்றிவர முடியுமா?

முடியும். ஜூனில் பள்ளிக்கூடம் திறந்துவிடும். நம்மைப் போன்றவர்களுக்கு மே மாதத்தை விட்டால் வேறு எப்போது வாய்க்கும்?

சென்னை, பழைய கார், கையில் பதினைந்தாயிரம், வீட்டில் பெரியவர்கள் "வெயிலில் பிள்ளையை வாட்டாதே" என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். எனக்கும் அதையேதான் சொன்னார்கள். என் நாத்தனார் போன் போட்டு, "அக்னி நட்சத்திரத்துல பச்சப் புள்ளையத் தூக்கிக்கிட்டு ஊர் சுத்தணுமா?" என்று கேட்டார். எங்கள் வீடு மொட்டைமாடிக்கு நேர் கீழே. மே மாதம் மதியம் மூன்று மணிக்கு எங்கள் கூடத்தில் வந்து உட்கார்ந்து பார்த்துவிட்டு அவர் இதைக் கேட்டிருக்கலாம். வீட்டில் இருந்தால் பிள்ளைக்கு வெயில் இல்லை என்று யார் சொன்னது?

எல்லோரும் "எங்கே போகலாம்" என்றுதான் கேட்கிறார்கள். பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை எங்கே இருக்கப்போகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். அந்த ஐந்து மணி நேரத்துக்கு ஒரு நல்ல ஏசி அறை. அதில் மட்டும் கஞ்சத்தனம் பார்க்காதீர்கள், மற்ற எல்லாவற்றிலும் பாருங்கள். எங்கள் பயணம் முழுக்க இந்த ஒரு கணக்கில்தான் ஓடியது.

கோடை என்றதும் ஊட்டி, கொடைக்கானல் என்பார்கள். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7-லிருந்து இரண்டுக்கும் இ-பாஸ் எடுத்துவிட்டுத்தான் போக முடியும். 2025 கோடையில் எண்ணிக்கையும் கட்டுப்படுத்தினார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. பாஸ் வாங்குவது கஷ்டமில்லை, ஆன்லைனில் கிடைத்துவிடும். ஆனால் சீசனில் அறை வாடகை ஏறிக் கிடக்கும், மலைப்பாதையில் வண்டி ஊர்ந்துதான் போகும், கொண்டை ஊசி வளைவுகளில் பிள்ளை வாந்தி எடுக்கும். குளிருக்காகப் போய் பாதி நாளைக் காருக்குள் கழிப்பதற்கு நான் தயாராக இல்லை. ஊட்டி பிடித்தவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம், எனக்கும் ஊட்டி பிடிக்கும். மே மாதத்து ஊட்டி பிடிக்காது, அவ்வளவுதான்.

நாங்கள் போனது காவிரிக்கரைப் பக்கம். தஞ்சாவூர், கும்பகோணம், தரங்கம்பாடி, திரும்பும்போது சிதம்பரம், பாண்டி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலை. "மே மாதம் தஞ்சாவூரா!" என்று சிரிப்பீர்கள். சிரியுங்கள். மலையில் சீசன் என்றால் இங்கே சீசன் இல்லை, அதனால் அறை மலிவு. வெயிலுக்குப் பயந்து யாரும் வராத ஊரில் காலை ஆறு மணியும் மாலை ஐந்து மணியும் நமக்கே நமக்கு.

எங்கள் வண்டி செகண்ட் ஹேண்டில் வாங்கிய வேகன் ஆர். ஏசி உண்டு. "ஏசி காரில் போய்விட்டு பட்ஜெட் பயணமா?" என்று யாராவது கேட்பார்கள், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன்: தவணை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. பஸ்ஸிலோ ரயிலிலோ போகலாமே என்றால், தாராளமாகப் போகலாம். அரசுப் பேருந்தில் ஐந்து வயது வரை டிக்கெட் கிடையாது, ரயிலிலும் தனி இடம் கேட்காவிட்டால் கிடையாது. ஆனால் ரயிலில் 60 நாள் முன்னதாக முன்பதிவு திறந்ததுமே கோடைக்கால இடங்கள் பறந்துவிடுகின்றன. என் கணவருக்கு லீவு உறுதியானதே கிளம்புவதற்கு முந்தைய வாரம்தான்.

காலை மூன்றரைக்குக் கிளம்பினோம். மகளுக்கு அப்போது மூன்றரை வயது. தூக்கத்திலேயே தூக்கிவந்து சீட்டில் பெல்ட் போட்டோம், விக்கிரவாண்டி தாண்டித்தான் கண்ணைத் திறந்தாள். விடியுமுன் ஓட்டினால் கண் சொக்கும், விபத்து நடக்கும் நேரம் அதுதான் என்பது எனக்கும் தெரியும். அதற்காகவே முந்தின இரவு எட்டரைக்கு நான் படுத்துவிட்டேன். மூட்டை கட்டுவது, டயரில் காற்று பார்ப்பது, சமையலறையை ஒழிப்பது எல்லாம் என் கணவர் வேலை. ஓட்டுகிறவர் மூட்டை கட்டக் கூடாது. எங்கள் வீட்டில் இது சட்டம்.

கும்பகோணம் வழியாகப் போனால் தூரம் குறைவு. ஆனால் விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலையில் நாலுவழி வேலை வருடக்கணக்காக இழுத்துக்கொண்டிருந்ததால் நாங்கள் திருச்சி வழியைப் பிடித்தோம். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், அப்புறம் தஞ்சை சாலையில் வாழவந்தான்கோட்டை என்று சுங்கச்சாவடி வந்துகொண்டே இருக்கும். 200 முறை கடக்கும் ஃபாஸ்டேக் வருடப் பாஸ் 2025 ஆகஸ்ட் 15-லிருந்து வந்திருக்கிறது, வந்தபோது விலை 3,000 ரூபாய். இந்த ஒரு பயணத்துக்காக அதை வாங்காதீர்கள். அடிக்கடி ஊருக்குப் போகிற ஆள் என்றால் லாபம்தான்.

பத்தரைக்கெல்லாம் தஞ்சாவூரில் அறை எடுத்தாயிற்று. இங்கேதான் காசு மிச்சமாகிறது. கோயில் ஊர்களில் பழைய லாட்ஜுகள் பலவற்றில் 24 மணி நேரக் கணக்கு உண்டு. பத்தரைக்கு நுழைந்தால் மறுநாள் பத்தரை வரை அறை உங்களுடையது. செயலியில் பதிவு செய்யும் ஓட்டல்கள் பெரும்பாலும் பகல் பன்னிரண்டுக்கோ இரண்டுக்கோதான் சாவி தருவார்கள். வெயில் கொளுத்துகிற நேரத்தில் பிள்ளையை வைத்துக்கொண்டு வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்திருக்க வேண்டும். போனில் கேட்கும்போதே "24 மணி நேரமா, இல்லை மதியம் பன்னிரண்டா?" என்று கேளுங்கள். ஏசி அறை 1,600 ரூபாய்க்குக் கிடைத்தது. பக்கெட் தண்ணீரில் ஆட்டம், தயிர்சாதம், தூக்கம். நாலரைக்கு எழுந்தபோது அவள் புதுப் பிள்ளை.

பெரிய கோயிலுக்கு மாலை ஒரு முறை, மறுநாள் காலை ஆறரைக்கு ஒரு முறை போனோம். கட்டணம் கிடையாது. 1010-இல் கட்டி முடித்த கோயில், அத்தனை பெரிய விமானம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவளுக்கு நந்திதான் கோயில். நந்தியைச் சுற்றியே அரை மணி நேரம். பத்து மணிக்கு மேல் அந்தக் கல்தரையில் காலை வைக்க முடியாது, பிள்ளைக்கு ஒரு ஜோடி பழைய காட்டன் சாக்ஸ் எடுத்துப்போங்கள்.

கல்லணைக்கும் போனோம். ஒன்று சொல்லிவிடுகிறேன். மே மாதம் "ஆத்துல குளிக்கலாம்" என்று பிள்ளைக்கு ஆசை காட்டாதீர்கள். மேட்டூரைத் திறப்பது வழக்கமாக ஜூன் 12. அதுவரை காவிரியில் பெரும்பாலும் மணல்தான். எங்கள் வீட்டில் யாரும் தண்ணீர் என்ற வார்த்தையையே எடுக்காததால் அவள் மணலில் வீடு கட்டிவிட்டுச் சந்தோஷமாகத் திரும்பினாள். எங்காவது தண்ணீர் கிடந்தாலும் கொள்ளிடத்தில் இறங்க விடாதீர்கள், மணல் எடுத்த பள்ளம் கண்ணுக்குத் தெரியாது.

சாப்பாடு. முதல் நாளுக்கு எண்ணெயும் பொடியும் தடவிய இட்லி, புளியோதரை. தயிர்சாதம் புளித்துவிடும் என்று பயப்படுகிறவர்கள் பாலை நிறைய ஊற்றிப் பிசைந்து ஒரு ஸ்பூன் தயிர் மட்டும் விட்டுப் பாருங்கள், மதியத்துக்குச் சரியாக உறைந்திருக்கும். வழியில் நுங்கு, வெள்ளரிப் பிஞ்சு, இளநீர். அடுத்தடுத்த நாள் காலை ஓட்டலில் இட்லி, மதியம் அளவுச் சாப்பாடு பார்சல். ஒரு பார்சல் எங்கள் மூவருக்குமே ஏறக்குறைய போதும், கூட ஒரு சாதம் வாங்கினால் நிறைவு. ஓ.ஆர்.எஸ். பொடி பாக்கெட் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணீருக்கானது. டம்ளரில் கொஞ்சம் போட்டுக் கலக்கிக் கொடுக்கக் கூடாது.

காரில் மறக்கவே கூடாத பொருள் பிளாஸ்டிக் பாட்டி, பிள்ளைகள் உட்காரும் சின்னக் கழிப்பறை. பெட்ரோல் பங்குகளில் கழிப்பறையும் காற்றும் குடிநீரும் இலவசமாகத் தரவேண்டும் என்பது விதி. நாங்கள் நின்ற ஒரு பங்கில் கழிப்பறை பூட்டியிருந்தது. சாவி மேனேஜரிடம், மேனேஜர் டீ குடிக்கப் போயிருக்கிறார். பிள்ளைக்குப் பாட்டி இருந்தது. எனக்கு?

அதே பங்கில்தான் இன்னொன்றும் நடந்தது. ஓட்டுநர் இருக்கையில் இருப்பது நான், பெட்ரோல் மூடி லிவரை இழுத்தது நான், கார்டை நீட்டியதும் நான். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய் என் கணவரிடம் "எவ்வளவு சார் போடட்டும்?" என்கிறார் பையன். என் கணவருக்குக் கார் ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ள விருப்பமும் இல்லை, அது எங்களுக்குள் ஒரு பிரச்சினையே இல்லை. லாட்ஜில் "டிரைவர் எங்க தங்குவாரு?" என்று கேட்டார்கள். கும்பகோணத்தில் பஞ்சர் ஒட்டியவர் டயர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை முழுக்க என் கணவருக்கு விளக்கினார், அவரும் பாவம் தலையாட்டிக்கொண்டிருந்தார். கேள்விக்குச் சம்பந்தமில்லாததுதான், தெரியும். ஆனால் நீங்கள் ஓட்டப்போகும் பெண் என்றால் வெயிலைவிட இது அதிகம் களைப்பாக்கும், மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள்.

குழந்தை சீட் பற்றி. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 194பி பிரிவின்படி, 14 வயதுக்கு உட்பட்ட பிள்ளையை பெல்ட்டோ குழந்தை சீட்டோ இல்லாமல் அழைத்துப்போனால் 1,000 ரூபாய் அபராதம். யாரும் பிடிக்கப்போவதில்லை என்பீர்கள். பிடிக்காவிட்டாலும் பிரேக் அடித்தால் மடியில் இருக்கும் பிள்ளையைக் கையால் பிடித்து நிறுத்த முடியாது. எங்கள் சீட் அலுவலகத் தோழி கொடுத்தது. புதிது வாங்கக் காசு இல்லையென்றால் தெரிந்தவர்களிடம் கேளுங்கள், விபத்தில் சிக்காத சீட்டா என்பதையும் கேளுங்கள். நிறுத்திவிட்டு வந்தால் பக்கிளின் உலோகம் பிள்ளையின் தொடையைச் சுட்டுவிடும், ஒரு பழைய வேட்டித் துண்டால் மூடிவையுங்கள். தூங்குகிறதே என்று பிள்ளையைக் காரிலேயே விட்டு இறங்குவது, இரண்டு நிமிடத்துக்குக்கூட வேண்டாம்.

தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை, கடல், மாலைக் காற்று. கடலில் கால் நனைப்பதோடு சரி. அங்கிருந்து காரைக்கால் பக்கம்தான், புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்பதால் பெட்ரோல் லிட்டருக்குச் சில ரூபாய் குறைவு. அதற்கென்று தனியாக ஓட்டினால் மிச்சம் ஒன்றுமிருக்காது. நாங்கள் திரும்புகிற வழியில் பாண்டியில் நிரப்பிக்கொண்டோம்.

மொத்தச் செலவு பதினான்காயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. பெட்ரோல் ஐயாயிரத்து ஐந்நூறு, அறைகளுக்கு ஐயாயிரத்தை ஒட்டி, மீதி சுங்கமும் சாப்பாடும் ஒரு தலையாட்டி பொம்மையும். ஏசி இல்லாத அறை எடுத்திருந்தால் இன்னும் இரண்டாயிரம் குறைந்திருக்கும், நான் எடுத்திருக்க மாட்டேன்.

லாட்ஜ் பெயர் கேட்டுச் செய்தி அனுப்பாதீர்கள், நான் சொல்லி நீங்கள் போய் சரியில்லையென்றால் திட்டு எனக்கு. தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றி நிறைய இருக்கிறது. ஒருவர் பிள்ளையோடு காரில் ஏசி போட்டு இருக்கட்டும், இன்னொருவர் இறங்கிப்போய் இரண்டு மூன்று இடத்தில் அறையைத் திறந்து பாருங்கள். மேல் மாடி அறை வேண்டாம் என்று சொல்லுங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் ஏசியைப் போட்டுப் பத்து நிமிடம் நின்று பாருங்கள், அறை குளிராவிட்டால் அடுத்த லாட்ஜ்.