முன்குழாயில் ரம்பத்தை வைக்காதீர்கள்: வாசகர் கேள்வி, பட்டறைப் பதில்

கேள்வி: ஐயா, என் மாமா விட்டுச்சென்ற பழைய புல்லட் 500 எங்கள் வீட்டுக் கொட்டகையில் பல ஆண்டுகளாகச் சும்மா நிற்கிறது. அதைச் சாப்பராக, அதாவது முன்பக்கம் நீண்டு சாய்ந்த வண்டியாக, மாற்ற ஆசை. முன்சக்கரத்தைத் தாங்கும் முன்ஃபோர்க்கைச் செங்குத்திலிருந்து 40 பாகைக்குச் சாய்க்க வேண்டுமானால் சாஸிஸை எங்கே வெட்டுவது? நண்பர் ஒருவர், புல்லட்டை விட யமஹா எஸ்ஆர் 500 தான் இதற்கு ஏற்றது என்கிறார்.
- வாசகர், சாட்ஸ்வர்த், டர்பன்

பதில்: நண்பரின் பேச்சை முதலில் முடித்துவிடுவோம். எஸ்ஆர் 500 அருமையான வண்டிதான். ஆனால் அதன் எஞ்சின் ஆயில் சாஸிஸின் பருத்த குழாய்களுக்குள்ளேயே தேங்கியிருப்பதால், அவற்றில் வெட்டு விழுந்தால் தனியாக ஓர் ஆயில் டாங்க் செய்தாக வேண்டும். பழைய புல்லட்டிலோ ஆயில் எஞ்சின் அடிப்பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. தவிர, அது சென்னைத் திருவொற்றியூர் ஆலையில் பிறந்த வண்டியாக இருந்தால், 1860இல் ட்ரூரோ கப்பலில் சென்னையிலிருந்து டர்பனில் வந்திறங்கிய நம் முன்னோருக்கு ஊர்க்காரனும் ஆகிவிடுகிறது. விற்றுவிடாதீர்கள்.

இனி 40 பாகை. முன்சக்கரத்தின் ஆரம் 310 மி.மீ., ஃபோர்க் ஹேண்டில் அச்சைவிட 60 மி.மீ. முன்தள்ளி இருக்கிறது என்று கொள்வோம். 27 பாகைச் சாய்வில், அந்த அச்சு தரையைத் தொடும் இடத்துக்கும் டயர் தரையைத் தொடும் இடத்துக்கும் உள்ள தூரம், அதாவது ட்ரெயில், சுமார் 90 மி.மீ. அதையே 40 பாகை ஆக்கினால் ட்ரெயில் 180 மி.மீ. ஆகிறது; நேர்ச்சாலையில் வண்டி அசையாமல் போகும், ஆனால் மெதுவாகத் திரும்பும்போது ஹேண்டில் தானே ஒரு பக்கம் சரிந்து விழும், சிக்னலில் வளைப்பதற்குள் தோள் வலித்துவிடும். ஹேண்டில் தண்டு நுழையும் முன்குழாயில்தான் சாஸிஸ் எண்ணும் பொறிக்கப்பட்டிருக்கிறது என்பதால், அங்கே ரம்பத்தை வைத்தால் பதிவுச் சான்று, காவல்துறைச் சரிபார்ப்பு என்று தலைவலி தனியாக வந்து சேரும்.

ஆகவே முன்குழாயை விட்டுவிட்டுப் பின்புறத்தில் வேலை செய்யுங்கள் என்பதே என் கருத்து. பின்சக்கரத்தைப் பிடித்து மேலும் கீழும் அசையும் ஸ்விங் ஆர்மையும் இரண்டு ஷாக்குகளையும் கழற்றி, எஞ்சினுக்குப் பின்னால் முக்கோணமாகக் குழாய்களை வெல்டு செய்து, பின்புறத்தை 50 மி.மீ. தாழ்த்தினாலே முன்ஃபோர்க் ஏறத்தாழ 2 பாகை கூடுதலாகச் சாய்ந்துவிடும். ஃபோர்க் குழாய்களைச் சற்று நீளமானவையாக மாற்றினால் இன்னும் கொஞ்சம் சாயும். பழைய குழாயின் தலையில் திருகிச் சேர்க்கும் நீட்டிப்புத் துண்டுகள் மட்டும் வேண்டாம், முழு நீளக் குழாயே வாங்குங்கள். புல்லட்டில் எஞ்சினும் சாஸிஸின் ஓர் உறுப்பு என்பதால், வெல்டிங் நடக்கும்போது காலியான எஞ்சின் அடிப்பெட்டியை அதன் இடத்தில் போல்ட் போட்டு இறுக்கி வைக்காவிட்டால் சூட்டில் குழாய்கள் இழுத்துக்கொள்ளும். முடிந்ததும் பின்டயரின் இருபுறமும் நூல் பிடித்து, அது முன்சக்கரத்தின் இரு பக்கமும் ஒரே இடைவெளியில் போகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: ஐயா, என் ஒற்றைச் சிலிண்டர் சாப்பரில் நம்பர் பிளேட் தாங்கி மூன்றாவது முறையாக ஒடிந்துவிட்டது. தடித்த இரும்பில் செய்யட்டுமா?
- வாசகர், டோங்காட்

பதில்: ஒடிப்பது எஞ்சினின் அதிர்வு. தடிமனைக் கூட்டினால் எடையும் கூடும், அதிர்வில் அந்த எடையே அடுத்த முறை அதை ஒடிக்கும். நான் முதலில் கட்டிய வண்டியிலும் இதே கதைதான், மூன்று வாரத்தில் பிளேட்டைச் சாலையோரத்தில் தேடிக்கொண்டிருந்தேன். தாங்கியைக் குட்டையாக்கி, மட்கார்டில் இரண்டு இடங்களில் ரப்பர் வாஷர் வைத்துப் பிடியுங்கள். எஞ்சின் தலையைச் சாஸிஸோடு இணைத்து அதிர்வைக் குறைக்கும் சிறு பட்டையை அழகு கருதிக் கழற்றியிருந்தால், அதை இன்றே திரும்பப் பூட்டுங்கள்.

கேள்வி: முன்சக்கரம் பளிச்சென்று தெரிய முன்பிரேக்கை எடுத்துவிடலாமா?
- வாசகர், ஃபீனிக்ஸ்

பதில்: கூடாது. பின்பிரேக்கை மட்டும் நம்பி ஃபீல்ட்ஸ் ஹில் இறக்கத்தில் பைன்டவுன் வரை ஒருமுறை இறங்குவதாகக் கற்பனை செய்து பாருங்கள். லாரிக்காரர்களே கியரைக் குறைத்து ஊர்ந்து இறங்கும் சாலை அது.