தங்கைக்கு நிலம், அண்ணனுக்கு ஃப்ளாட்

அன்புள்ள ஆசிரியருக்கு,

இந்தோனேசியா பற்றிய உங்கள் கட்டுரையில் மேற்கு சுமத்ராவின் மினாங்கபாவ் மக்களைப் பற்றி இரண்டே வரி வந்தது. உலகின் மிகப் பெரிய தாய்வழிச் சமூகம், அதே சமயம் அழுத்தமான முஸ்லிம்கள் என்று எழுதியிருந்தீர்கள். என் பாட்டி வீடு நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழிக் குடும்பம், அதாவது சொத்து சகோதரியின் பிள்ளைகளான மருமக்களுக்குப் போகும். குடும்பத் தலைவராக இருந்த தாய்மாமன், அதாவது காரணவரும், மருமக்களும், அவர் பெற்ற மக்களும் கோர்ட்டுப் படி ஏறிய கதைகளைக் கேட்டே வளர்ந்தவள் நான். அந்த முறையை என் அம்மா பிறப்பதற்கு முன்பே சட்டம் போட்டு முடித்துவிட்டார்கள். சுமத்ராவில் மட்டும் எப்படி நீடிக்கிறது? என்னோடு வேலை பார்க்கும், மேற்கு சுமத்ராவின் தலைநகர் பாடாங்கைச் சேர்ந்த இளைஞர், ஊரில் தனக்கு நிலம் கிடையாது, எல்லாம் தங்கைக்குத்தான் என்று வெகு சாதாரணமாகச் சொல்கிறார். ஜக்கார்த்தாவில் ஃப்ளாட் வாங்கப் பணம் சேர்க்கிறார். இது உண்மையிலேயே உயிரோடு இருக்கும் மரபா, இல்லை பெயருக்குச் சொல்லிக்கொள்வதா?

க., சிங்கப்பூர்

அன்புள்ள க.,

உயிரோடுதான் இருக்கிறது. எப்படி நீடிக்கிறது என்பதற்கான பதில் உங்கள் நண்பர் சொன்னதிலேயே இருக்கிறது. ஊர் நிலம் தங்கைக்கு, ஜக்கார்த்தா ஃப்ளாட் அவருக்கு. இந்த இரண்டையும் இரு வேறு சொத்தாகப் பார்க்க மினாங்கபாவ் மக்கள் ஒத்துக்கொண்டார்கள். அந்த உடன்பாடு சும்மா வந்துவிடவில்லை, அதற்குப் பின்னால் பல தலைமுறைச் சண்டை இருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் கடைசியில் மெக்காவின் பெரிய பள்ளிவாசலில் இமாமாக இருந்த அகமது காதிப் ஒரு மினாங்கபாவ்காரர். அப்பன் சொத்து பிள்ளைகளுக்குப் போகாமல் சகோதரியின் பிள்ளைகளுக்குப் போவது மார்க்கத்துக்கு விரோதம் என்று அங்கிருந்தே கடுமையாக எழுதினார். ஊரில் இருந்த தாய்மாமன்களும் குலத்தலைவர்களும் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் அவருடைய மாணவர்கள் சிலரே ஒரு வழி கண்டார்கள். மூதாதையர் நிலம் தனி மனிதருக்குச் சொந்தமே இல்லை, அது வக்ஃபு எனும் அறக்கொடைச் சொத்து மாதிரி, ஆகவே அதைப் பங்கு போடும் கேள்வியே எழாது என்றார்கள். 1952இல் மேற்கு சுமத்ராவின் புக்கித்திங்கி நகரில் உலமாக்கள் எனும் மார்க்க அறிஞர்களும் குலத்தலைவர்களும் படித்தவர்களும் ஒன்றாக உட்கார்ந்து இதை முடிவாகவே எடுத்தார்கள். வழிவழியாக வந்த நிலமும் வீடும் அடாட் எனும் மரபுச்சட்டப்படி பெண்வழியில் போகும். ஒருவர் உழைத்துச் சம்பாதித்தது இஸ்லாமிய வாரிசுச் சட்டப்படி அவர் பிள்ளைகளுக்குப் போகும். 1968இல் பாடாங்கில் நடந்த கருத்தரங்கு இதை மறுபடி உறுதி செய்தது.

உங்கள் பாட்டி வீட்டுச் சண்டையும் இதேதானே? தான் சம்பாதித்ததைத் தன் பிள்ளைக்குக் கொடுக்க நினைத்த அப்பாவும், பிடியை விடாத காரணவரும். அப்போது நாஞ்சில் நாடும் சேர்ந்திருந்த திருவிதாங்கூரில் 1920களில் வந்த சட்டங்கள் குடும்பச் சொத்தையே பாகம் பிரிக்க வழி செய்தன. பாகம் பிரிந்ததும் தறவாடு எனும் தாய்வழிக் கூட்டுக்குடும்பம் கரைந்தது. 1975இல் கேரளம் கூட்டுக்குடும்ப முறையையே சட்டப்படி ஒழித்தபோது ஒழிக்கப் பெரிதாக எதுவும் மிச்சமில்லை. மினாங்கபாவ் மக்கள் சம்பாத்தியத்தை விட்டுக்கொடுத்து நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டார்கள். வயலை அக்கா தங்கைகளுக்குள் உழுது சாப்பிடப் பிரித்துக் கொடுப்பார்கள், ஆனால் உடைமை குலத்திடமே இருக்கும்.

அந்த நிலத்தை விற்கக் கூடாது. அடகு வைக்கலாம், அதுவும் நான்கே காரணங்களுக்கு. வீட்டில் பிணம் கிடக்கிறது, அடக்கம் செய்யப் பணமில்லை. ருமா கடாங் எனும் குலவீட்டின் கூரை ஒழுகுகிறது. வயதுக்கு வந்த பெண்ணுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. குலத்தலைவர் பட்டம் ஆளில்லாமல் கிடக்கிறது, புதியவருக்குப் பட்டம் கட்ட விருந்து வைக்க வேண்டும். அவ்வளவுதான். இந்த நான்கையும் படிக்கும்போது ஒரு குடும்பம் எதற்கெல்லாம் பயந்தது, எதை மானமாக நினைத்தது என்பது அப்படியே தெரிகிறது. இப்போது பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கும் அடகு வைப்பது நடைமுறையில் வந்துவிட்டது. எனக்கு அது சரியாகவே படுகிறது.

அப்புறம், நவீன வாழ்க்கை இவர்களுக்கு வெளியிலிருந்து வந்த தொல்லை இல்லை. அம்மா வீட்டில் வளர்ந்த பையனுக்கு அந்தக் காலத்தில் படுக்க இடம் கிடையாது. இரவில் சுராவ் எனும் தொழுகைக்கூடத்தில்தான் தூங்குவான், அங்கேயே ஓதுவான், சிலாட் எனும் தற்காப்புக் கலை பழகுவான். வயது வந்ததும் ஊரை விட்டுக் கிளம்பிப் பிழைப்புத் தேட வேண்டும், அதுவே மரபு. ஹத்தா, ஷாரிர், தான் மலாக்கா என்று இந்தோனேசிய விடுதலை வரலாற்றின் பெரிய தலைகள் பலர் இந்தச் சின்ன நிலப்பகுதியிலிருந்து வந்ததற்கு இந்தப் பழக்கமும் ஒரு காரணம். ஜக்கார்த்தாவில் தெருவுக்குத் தெரு இருக்கும் பாடாங் சாப்பாட்டுக் கடைகளும் அப்படிப் போனவர்கள் போட்டவையே. பழைய கடைகள் பலவற்றில் மாதச் சம்பளம் கிடையாது. சில மாதங்களுக்கு ஒருமுறை கணக்குப் பார்த்து, லாபத்தில் முதல் போட்டவருக்கு ஒரு பங்கு ஒதுக்கி, மீதியைப் புள்ளிக் கணக்கில் பிரிப்பார்கள். சமையல்காரருக்குப் புள்ளி அதிகம், தட்டு கழுவுபவருக்குக் குறைவு, ஆனால் கடை நன்றாக ஓடினால் எல்லாருக்கும் கூடும். பெருநகரத்தில் கடை போட்டாலும், கூட உழைப்பவரைப் பங்காளியாக நடத்தும் குணம் போகவில்லை.

இதை அழகாகச் சொல்லிவிட்டுப் போக எனக்கு மனமில்லை, ஏனென்றால் நிலத்தின் விஷயத்தில் நிலைமை கவலைக்குரியது. உடைமை பெண்களுடையது என்றாலும் வெளியே பேசுவதும் கையெழுத்துப் போடுவதும் தாய்மாமன்கள்தான். மேற்கு சுமத்ராவின் மேற்கு பாசமான் மாவட்டத்தில் குலத்தலைவர்கள் பொது நிலத்தைச் செம்பனைத் தோட்டங்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். குத்தகை முடிந்தால் நிலம் திரும்பிவிடும் என்று ஊர் நம்பியது. அரசோ, தோட்ட உரிமை கொடுத்ததோடு அது அரசு நிலம் ஆகிவிட்டது என்கிறது. அங்கே வயலை இழந்தவர்கள் பெண்கள், கையெழுத்து அவர்களுடையது அல்ல. சுஹார்த்தோ காலத்தில் 1979ஆம் ஆண்டுக் கிராமச் சட்டம் 'நகரி' என்ற அவர்களுடைய பாரம்பரிய ஊராட்சியையே துண்டு துண்டாக்கியது. 2000இல் மாகாணம் அதை மீட்டது. ஏறக்குறைய 20 ஆண்டு துண்டாகிக் கிடந்த ஊரை மறுபடி கட்டியெழுப்பியதை நான் பெரிய சாதனையாகவே நினைக்கிறேன். ஆனால் நகரி திரும்பிய மாதிரி நிலம் திரும்பவில்லை.

இப்போது இந்தோனேசிய அரசு நாடு முழுக்க நிலங்களை அளந்து பட்டா கொடுத்துவருகிறது. குல நிலம் குலத்தின் பெயரிலேயே பதிவானால் பிரச்சினை இல்லை. ஒரே ஒரு மாமன் பெயரில் பதிவானால் நாளை அவர் பிள்ளைகள் அதை அப்பன் சொத்து என்பார்கள், வங்கியும் அப்படியே நம்பும். உங்கள் நண்பரிடம் இதை மட்டும் கேளுங்கள்: அந்த நிலத்துக்குப் பட்டா வாங்கியாகிவிட்டதா, அதில் அவர் தங்கையின் பெயர் இருக்கிறதா? தெரியாது என்று சொன்னால், அடுத்த பெருநாளுக்கு ஊர் போகும்போது நகரி அலுவலகத்தில் விசாரிக்கச் சொல்லுங்கள். மாமன் உயிரோடு இருக்கும்போதே விசாரிப்பது நல்லது.

அன்புடன்,
ஆசிரியர்