62 கூட்டல்கள்

வணக்கம் மேடம்,

வேலூரில் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். எங்கள் துறை வினாடி வினாவை நடத்தும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. அறிவியல், கணிதத் துணுக்குகள் 30 வேண்டும். ஒரே வார்த்தையில் விடை வருகிற மாதிரி இருந்தால் நல்லது. நானே சிலவற்றைச் சேர்த்திருக்கிறேன்: மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறோம், நிலவிலிருந்து சீனப் பெருஞ்சுவர் தெரியும், ராமானுஜன் எண் 1729. இவை சரியா என்று பார்த்துச் சொல்வீர்களா?

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

முதல் இரண்டையும் அடித்துவிடுங்கள். மூளையில் எந்தப் பகுதியும் சும்மா கிடப்பதில்லை. நிலவிலிருந்து பார்த்தால் அந்தச் சுவர் தெரியாது. சுவரின் அகலம் சில மீட்டர், நிலவு இருப்பது சுமார் 3,84,000 கிலோமீட்டர் தொலைவில். கணிதம் படிக்கிற பிள்ளை இதை வாட்ஸ்அப்பில் வந்தபடியே எடுத்து வைத்திருப்பது எனக்குக் கோபமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவதைப் பார்த்த பிறகுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். போன வாரம் பரணைச் சுத்தம் செய்தபோது அம்மாவின் முறம் கிடைத்தது. ஓரத்தில் இன்னும் புகையிலை வாசம் இருக்கிறது. அதிலிருந்து இதே நினைப்பாக இருந்தேன்.

எங்கள் ஊர் குடியாத்தம். அம்மா பீடி சுற்றினார், காலேஜ் விட்டு வந்து நானும் சுற்றினேன். 25 பீடி ஒரு கட்டு, 40 கட்டு ஆயிரம். கூலி ஆயிரத்துக்குத்தான். ஒரு நாள் சாயங்காலம் கொண்டுபோய்க் கொடுத்த இடத்தில் கட்டுகளை ஒருவர் மளமளவென்று தள்ளி எண்ணி, “38தான் இருக்குது” என்றார். 50 பீடிக்குக் கூலி போச்சு. சண்டை போட அம்மாவுக்குத் தெரியவில்லை. மறுநாளிலிருந்து வீட்டிலேயே இரண்டு தடவை எண்ணி, அங்கே போய் அவர் எதிரிலும் ஒரு தடவை எண்ணினார். அவர் சலித்துக்கொண்டாலும் விடவில்லை.

1987 டிசம்பர், ராமானுஜன் நூற்றாண்டு. வேலூரில் ஒரு வினாடி வினா. நோயில் படுத்திருந்த ராமானுஜனைப் பார்க்க இங்கிலாந்துக் கணித அறிஞர் ஹார்டி வந்த டாக்சியின் எண் என்ன என்று கேட்டார்கள். கேள்வி முடியுமுன் 1729 என்றேன். எவர்சில்வர் தம்ளர் பரிசு. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன்.

அம்மா இலை வெட்டிக்கொண்டிருந்தார். “இன்னாத்துக்குடி குடுத்தாங்க?” என்றார். சொன்னேன். “அந்த நம்பர்ல இன்னா இருக்குது?”

பத்தை மூன்று தடவை எழுதிப் பெருக்கினால் ஆயிரம், நாம் தினமும் சுற்றுகிற ஆயிரம்தான். ஒன்பதை அப்படிப் பெருக்கினால் 729. இரண்டும் சேர்ந்தால் 1729. பன்னிரண்டை அப்படிப் பெருக்கினால் 1728, அதோடு ஒன்றைச் சேர்த்தாலும் அதே 1729. இப்படி இரண்டு வழியில் வருகிற எண்களில் இதுதான் சின்னது என்றேன். எனக்கே பெருமையாக இருந்தது. அம்மா கத்தரியைக் கீழே வைத்தார்.

“அதுக்குக் கீழ ஒண்ணும் இல்லன்னு யாரு எண்ணிப் பாத்தது?”

ராமானுஜன் சொன்னார் என்றேன். “நீ பாத்தியா?”

பார்க்கவில்லை. இலை சுற்றி வந்த காகிதத்தின் பின்பக்கத்தில் அன்று ராத்திரி எழுதினேன்: 1, 8, 27, 64, 125, 216, 343, 512, 729, 1000, 1331, 1728. ஓர் எண்ணை மூன்று தடவை எழுதிப் பெருக்கினால் வருவதுதான் அதன் கனம். பன்னிரண்டே கனங்கள். இவற்றை இரண்டிரண்டாக, ஒரே எண்ணை இரண்டு தடவை எடுப்பதையும் சேர்த்து, 1729-ஐத் தாண்டாமல் கூட்டினால் 62 கூட்டல்கள். விடைகளை ஏறுவரிசையில் அடுக்கினேன். 61 வெவ்வேறு எண்கள். கடைசி எண் மட்டும் இரண்டு தடவை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விரலை வைத்து ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு, “சரி, இப்ப தம்ளரு உன்னுது” என்றார்.

தம்பி, நீங்கள் கேட்கிற 30 துணுக்குகளில் எதை நீங்கள் எண்ணிப் பார்த்திருக்கிறீர்கள்? 1729 என்று மேடையில் கத்துகிறவன் ஒரு டாக்சி நம்பரைச் சொல்கிறான், அவ்வளவுதான். அந்த 62 கூட்டலைப் போட்டவனுக்குத்தான் அடுத்தது கண்ணில் படும்: ஒன்பதின் கனமும் பத்தின் கனமும் சேர்ந்து பன்னிரண்டின் கனத்தை ஒன்றே ஒன்றால் தாண்டிவிட்டன. இரண்டு கனங்களைக் கூட்டி இன்னொரு கனம் வராது என்பது பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபெர்மா சொன்னது. வரவே வராத அந்த இடத்துக்கு ஒன்றில் தவறுகிற எண்களைத்தான் ராமானுஜன் தேடிக்கொண்டிருந்தார், அவருடைய கையெழுத்துத் தாள்களில் இருக்கிறது. ஆறு, எட்டு, ஒன்பது இவற்றின் கனங்களையும் போட்டுப் பாருங்கள், அங்கே ஒன்று குறையும். படுக்கையில் இருந்தவருக்கு 1729 திடீரென்று தோன்றவில்லை. வருடக்கணக்காகப் பழகிய எண் அது.

உள்ளூர்க் கேள்வி ஒன்று வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள். நான் காகிதத்தில் கூட்டிக்கொண்டிருந்த அதே குளிர்காலம், 1988 பிப்ரவரி 17 அன்று, எங்கள் ஊருக்குத் தெற்கே ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தில் ஆர். ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். 4130 ராமானுஜன் என்பது அதன் பெயர். அப்போது அந்த மலையும் எங்கள் ஊரும் வட ஆர்க்காடு மாவட்டம்தான். எனக்கு இது தெரியவந்தது ரொம்ப வருடம் கழித்து. அதற்குள் அம்மா போய்விட்டார்.

30 துணுக்குகளை நான் அனுப்பப் போவதில்லை. ஒரே ஒரு கேள்வி தருகிறேன். 1729 போல இரண்டு வழியில் வருகிற எண் 5000-க்குள் இன்னும் ஒன்றே ஒன்று இருக்கிறது. 17 வரை கனம் எழுதினால் போதும். அரங்கில் எல்லோருக்கும் ஒரு வெள்ளைத்தாள் கொடுங்கள், செல்போனை வாசலிலேயே வாங்கி வையுங்கள், அரை மணி நேரம் விடுங்கள். முதலில் நீங்கள் போட்டுப் பார்த்துவிட்டு எத்தனை கூட்டல் ஆயிற்று என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்